பெர்லின் நாட்குறிப்பு: ஒரு வாக்கியம் பிறந்த இடம்

2024 நவம்பர் 4, திங்கள்

பல நாள்களாகக் காத்திருந்த தொகுப்பு இன்று காலை வாசிப்பறை மேசைக்கு வந்து சேர்ந்தது. ‘பிராய்சிஷே யார்பூஹர்’ என்னும் இதழின் 1879ஆம் ஆண்டுக் கட்டு அது. தாள்கள் பழுப்பேறியிருக்கின்றன. பழைய ஜெர்மன் அச்சில் ‘எஸ்’ எழுத்தும் ‘எஃப்’ எழுத்தும் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருப்பதால், ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் கண்கள் சோர்ந்துவிட்டன. பெர்லின் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வரலாற்றுப் பேராசிரியரான ஹைன்ரிஷ் ஃபான் டிரைட்ஷ்கே நவம்பர் இதழில் எழுதிய கட்டுரைக்காகத்தான் இதைக் கேட்டிருந்தேன்.

கட்டுரை வெளியுறவு அரசியலில் தொடங்குகிறது. யூதர்களைப் பற்றிய பேச்சு இறுதிப் பக்கங்களில்தான் வருகிறது. போலந்திலிருந்து ஆண்டுதோறும் கால்சட்டை விற்கும் இளைஞர்கள் எல்லை தாண்டி வருவதாகவும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஜெர்மனியின் பங்குச்சந்தைகளையும் செய்தித்தாள்களையும் ஆளப்போவதாகவும் அவர் எழுதுகிறார். அதன்பின், மதச் சகிப்பின்மையையும் தேசச் செருக்கையும் அருவருத்து ஒதுக்குகிற உயர்கல்வி பெற்றோரிடையேகூட இன்று ஒரே குரல் ஒலிக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் குரலை இப்படித் தருகிறார்: ‘யூதர்கள் நமது துர்ப்பாக்கியம்!’

இந்த வாக்கியத்தை அவர் தன் கருத்தாக முன்வைக்கவில்லை. ஊர் பேசுகிறது, நான் எடுத்துச் சொல்கிறேன் என்ற தோரணையில் வைக்கிறார். பழியை ஊரார் மேல் போட்டு, சொல்லுக்குரிய கனத்தைத் தன் பேராசிரியர் நாற்காலியிலிருந்து கொடுத்துவிடுகிறார். சந்தையில் கேட்ட வசை ஆய்விதழின் பக்கத்தில் ஏறியது இப்படித்தான்.

2024 நவம்பர் 5, செவ்வாய்

இந்தக் கட்டுரை 1879இல் ஏன் எழுந்தது என்ற கேள்வி இரவு முழுவதும் உடன் இருந்தது. 1869இல் வட ஜெர்மன் கூட்டமைப்பு மத வேறுபாடின்றிக் குடியுரிமைகளைச் சமமாக்கியது. 1871இல் பேரரசு உருவானபோது அச்சட்டம் நாடு முழுவதற்கும் பரவியது. இரண்டே ஆண்டுகளில், 1873இல், பங்குச்சந்தை சரிந்தது. சேமிப்பை இழந்த நடுத்தர மக்கள் காரணம் தேடியபோது, மக்கள்தொகையில் நூற்றுக்கு இருவர்கூட இல்லாத ஒரு சமூகத்தை நோக்கி விரல் நீட்டுவதற்கு ஆள்கள் தயாராக இருந்தார்கள். அரசவைப் போதகர் அடோல்ஃப் ஷ்டோக்கர் 1879 செப்டம்பரில் மேடையேறினார். அதே ஆண்டில் இதழாளர் வில்ஹெல்ம் மார், யூதத்தன்மை ஜெர்மானியத்தன்மையை வென்றுவிட்டதாக ஒரு சிறுநூல் எழுதி, தன் அமைப்புக்கு ‘ஆன்டிசெமிட்டன்-லீகா’, அதாவது செமிட்டிய எதிர்ப்பாளர் சங்கம், என்று பெயரிட்டார்.

அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். ‘செமிட்டிக்’ என்பது எபிரேயம், அரபு போன்ற மொழிகளை வகைப்படுத்த மொழியியலாளர்கள் எடுத்தாண்ட சொல். மொழிக் குடும்பத்தின் பெயரை இரத்தத்தின் பெயராக மாற்றியதும், மதம் மாறினாலும் தப்ப முடியாத ஒரு பகை அறிவியலின் தோற்றத்தோடு பிறந்துவிட்டது. ஆரியம், திராவிடம் என்ற மொழியியற் சொற்கள் இரத்தத்தைக் குறிப்பனவாகப் பேசப்படுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த மாற்றம் எவ்வளவு எளிதில் நடக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

2024 நவம்பர் 7, வியாழன்

வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1543இல் கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் யூதர்களின் தொழுகைக்கூடங்களை எரிக்கச் சொல்லி எழுதியது மதப் பகை. இன்று என்னை அதிகம் கலங்கச் செய்தது மெய்யியலாளர் ஃபிஹ்டே 1793இல் எழுதிய ஒரு குறிப்பு. யூதர்களுக்குக் குடியுரிமை தர வேண்டுமென்றால், ஒரே இரவில் அவர்களுடைய தலைகளையெல்லாம் வெட்டி, யூதக் கருத்து ஒன்றுகூட இல்லாத வேறு தலைகளைப் பொருத்துவதைத் தவிர வழியில்லை என்கிறார். மனித உரிமைக்காகப் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து எழுதிய அதே நூலில்தான் இது இருக்கிறது. அவரே பிற்காலத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பான ரெக்டர் பதவியில் இருந்தபோது, சக மாணவர்களால் தாக்கப்பட்ட ஒரு யூத மாணவரின் பக்கம் நின்று, அந்தச் சிக்கலினால் 1812இல் பதவி விலகினார். அவரைக் கொடியவர் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. தனி மனிதர் ஒருவருக்கு நியாயம் செய்யத் தெரிந்தவரிடம், ஒரு சமூகத்தைப் பற்றிய அந்த வாக்கியம் எப்படி எழுந்தது என்பதுதான் வாட்டுகிறது.

2024 நவம்பர் 11, திங்கள்

உண்டர் டென் லிண்டன் சாலையில் நடந்து பல்கலைக்கழக முற்றத்துக்குப் போனேன். ரோமானிய வரலாற்றாசிரியர் தியோடர் மொம்சன் கல்லில் அமர்ந்திருக்கிறார். டிரைட்ஷ்கேக்கும் இங்கே ஒரு காலத்தில் சிலை இருந்தது, இன்று இல்லை. சக பேராசிரியருக்கு 1880இல் வெளிப்படையாகப் பதில் எழுதியவர் மொம்சன். டிரைட்ஷ்கே செய்த தீங்கு என்னவென்று அவர் துல்லியமாகச் சொன்னார்: அந்த வெறுப்பின் வாயிலிருந்து வெட்கம் என்னும் கடிவாளத்தை அவர் கழற்றிவிட்டார். ஆயினும் அதே பதிலில், யூதர்கள் தங்கள் தனித்தன்மையை விட்டுவிட வேண்டும் என்றும் மொம்சன் கேட்கிறார். அவர்களுக்காகத் துணிந்து வாதாடியவரிடமும், அவர்கள் அவர்களாகவே இருப்பதற்கு இடமில்லை.

கடிவாளம் கழன்றது மாணவர்களிடம் உடனே தெரிந்தது. யூதர்களை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கக் கோரி 1881இல் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கிடம் கொடுக்கப்பட்ட மனுவில் இரண்டரை லட்சம் பேர் கையெழுத்திட்டனர்; அவர்களில் சுமார் 4,000 பேர் மாணவர்கள்.

சாலையைக் கடந்தால் பேபல் சதுக்கம். 1933 மே 10 அன்று மாணவர்கள் நூல்களை எரித்த இடம். அதன் நினைவாகத் தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தேன். கீழே வெண்ணிற அடுக்குகள், ஒரு நூலும் இல்லாமல். கண்ணாடியில் என் முகமும் மேகமும் விழுந்து மறைத்ததால், கையால் நிழல் கட்டித்தான் உள்ளே பார்க்க முடிந்தது. டிரைட்ஷ்கேயின் வாக்கியத்தை ‘டெர் ஷ்டூர்மர்’ என்னும் நாஜி ஏடு தன் முதற்பக்கத்தின் அடியில் வார்த்தை மாறாமல் அச்சிட்டு வந்தது. ‘ஊரார் சொல்கிறார்கள்’ என்ற முன்னுரை அப்போது தேவைப்படவில்லை.

2024 நவம்பர் 15, வெள்ளி

இன்று ஹாரி பிரெஸ்லாவ் டிரைட்ஷ்கேக்குப் பதிலாக எழுதிய கடிதத்தைப் படித்து முடித்தேன். டிரைட்ஷ்கேயுடன் அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இளம் யூத வரலாற்றாசிரியர் அவர். சினம் தெரியாமல், மரியாதை குறையாமல், ஆதாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, போலந்திலிருந்து பெருங்கூட்டம் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்படுவது உண்மைக்கு மாறானது என்று காட்டுகிறார். தன்னை ஜெர்மானியராகவே எண்ணி வாழ்ந்தவர் அவர். ஸ்டிராஸ்பூர்க்கில் பேராசிரியராக இருந்தபோது, போரில் ஜெர்மனி தோற்று அந்நகரம் பிரான்ஸின் கைக்குப் போன 1918 இறுதியில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரைத் தீவிர ஜெர்மன் தேசியவாதி என்று குற்றம் சாட்டி நாடு கடத்தினார்கள். 1926இல் இறந்தார்.

அவருடைய மகன் எர்ன்ஸ்ட், கொலோன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். 1933இல் நாஜி ஆட்சியினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் பிரேசிலுக்குப் போய், சாவோ பாவ்லோவில் புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறையை அமைக்கத் தொடங்கி, 1935இல் அங்கேயே காலமானார்.