மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பது: பழைய கார் தேடிய நான்கு மாதம்

மலுமிச்சம்பட்டியில் வீடு, நீலாம்பூரில் வேலை. போக 25, வர 25 கிலோமீட்டர். ஈச்சனாரியில் எல் அண்டு டி பைபாஸில் ஏறினால் கடைசிவரை அந்தச் சாலைதான். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் தடுப்பு கிடையாது. முன்னால் சிமென்ட் ஏற்றிய பல்கர் லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரே பாலக்காடு பார்த்துப் போகும் கன்டெய்னர்கள் வரிசைகட்டி வரும். நடுவே கிடைக்கிற கொஞ்ச இடைவெளியில் முந்திப் போய்விட வேண்டும். தவறவிட்டால் அடுத்த ஐந்து கிலோமீட்டருக்குப் பல்கரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாக ஓட்டிய என் 800 சிசி கார் என்னை ஒருநாளும் வழியில் நிறுத்தியதில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் ஒரு காலை, பாதி முந்திய நிலையில் அதற்குமேல் இழுக்க முடியாமல் திணறியது. எதிர் லாரிக்காரர் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே வந்தார். பிரேக்கை மிதித்து, பின்வாங்கி, மறுபடி பல்கருக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் கை நடுங்கியது. அன்று சாயங்காலமே வேறு கார் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பயம் மட்டுமே காரணம் இல்லை. எனக்கு வண்டி ஓட்டுவது நிஜமாகவே பிடிக்கும். எங்கள் வீட்டிலிருந்து செட்டிபாளையம் பக்கம்தான். 2003-ல் அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்த காலத்திலிருந்து, பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று இந்தப் பக்கம் வீசினால் எஞ்சின் சத்தம் மொட்டை மாடிக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவளுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கிற வேலை இருந்தால், அந்த நேரம் சந்தோஷமாகக் கழிய வேண்டும் என்று நினைப்பது பெரிய ஆசை இல்லை என்றே தோன்றியது.

கையில் 6 லட்சம். டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே வண்டிக்கு ஐந்தரைக்கு மேல் கிடையாது என்று நோட்டில் எழுதிவைத்தேன். பழைய கார் வாங்குகிறவர்கள் கையிலிருக்கும் பணம் மொத்தத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் டயருக்குக் கடன் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

வேகமான கார் என்றதும் எல்லாரும் எஞ்சினின் குதிரைத்திறன் எத்தனை பிஎஸ் என்றுதான் கேட்கிறார்கள். என் சாலைக்கு அந்தக் கணக்கு உதவாது. எனக்கு வேண்டியது 45-ல் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் உடனே 75-க்குப் போகிற இழுவை. அது எஞ்சினின் முறுக்குவிசை எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதையும், அந்த விசை எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, வருகிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே ஒரே சோதனை வைத்துக்கொண்டேன். மூன்றாவது கியர், 40-லிருந்து 80. முன்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஞாயிறு காலை ஆறரைக்கு, ஒரே இடத்தில். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போனில் நேரம் குறிப்பான். கையால் அமுக்கிய கணக்கு. அரை வினாடி முன்பின் இருக்கலாம். ஆனாலும் எல்லா வண்டியையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க அது போதும்.

முதலில் பார்த்தது 1.2 பெட்ரோல் ஸ்விஃப்ட். அம்மாவிலிருந்து ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன் வரை சொன்னது அதைத்தான்: "விக்கும்போதும் காசு வரும்." ஸ்டீயரிங் அருமை. வளைவுகளில் சிரித்துக்கொண்டே ஓட்டலாம். ஆனால் அந்த எஞ்சினை 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோனால்தான் உயிர் வருகிறது. ஒன்பது வினாடி ஆனது. ஒவ்வொரு பல்கருக்கும் இரண்டாவது கியருக்கு இறங்கி அலறவிட வேண்டும்.

அடுத்தது ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். 100 பிஎஸ், 215 நியூட்டன் மீட்டர். மிதித்ததும் முதுகை சீட்டோடு அழுத்துகிறது. அந்த இழுவையை இன்னும் மறக்கவில்லை. தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவளுக்கு டீசல் கணக்கும் சரியாகத்தான் வந்தது. ஆனால் என் பட்ஜெட்டில் கிடைத்தவை எல்லாம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. டெல்லிப் பக்கம் பத்து வருஷம் ஆன டீசல் கார்களுக்கு அப்போது தடை இருந்ததால் அங்கிருந்து விலை குறைவாக இங்கே வந்தவையும் இருந்தன. அவற்றுக்கு என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் மலிவு என்பது கரைந்துபோகும். விட்டுவிட்டேன்.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டியபோது மனசு கொஞ்சம் ஆடித்தான் போனது. 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுகிற சத்தம். ஆனால் அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை, அதாவது கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்காது. நின்று நின்று போகும் நெரிசலில் அந்த வகைக்குச் சூடு அதிகம். எட்டு வருஷ வண்டியில் அந்த கியர்பாக்ஸில் கைவைக்க நேர்ந்தால் செலவு லட்சத்தைத் தொடும் என்றார் எங்கள் போத்தனூர் மெக்கானிக் அண்ணன். "ஓட்டறதுக்கு ராஜா மாதிரிங்க அம்மிணி. ஆனா கையில ஒரு லட்சம் தனியா எடுத்து வெச்சுட்டு வாங்கோணும்." என்னிடம் அந்தத் தனி லட்சம் இல்லை. பின்னால் வந்த 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல் போலோ, 110 பிஎஸ். அதுதான் எனக்கு ரொம்பப் பொருத்தம். நல்லதாக ஒன்றுகூட 6 லட்சத்துக்குக் கீழே கிடைக்கவில்லை.

டியாகோ ஜேடிபி பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. டாடாவும் எங்கள் ஊர் ஜெயெம் நிறுவனமும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த கார். 1.2 டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி கொண்டது), 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். சின்ன டியாகோவின் உடம்பில் அந்த எஞ்சின். கோயம்புத்தூர் மூளை வேலை செய்த கார் என்பதாலேயே அதை வாங்கிவிட வேண்டும் என்று இருந்தது. தேடி ஒன்றைப் பிடித்தோம். நேரம் ஏழு வினாடிக்குள். இறங்கியபோது தம்பி, "இதையே எடுத்துடுக்கா" என்றான். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து, கீல் போல்ட்டுகளில் பெயின்ட் பிளந்திருப்பதைக் காட்டினார். ரேடியேட்டர் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் கம்பெனி ஸ்பாட் வெல்டுக்குப் பதில் கை வெல்டு. முன்பக்கம் பலமாக அடிபட்ட வண்டி. ஜேடிபிக்கே உரிய பாடி பாகங்கள் குறைவாகத்தான் சந்தையில் இருக்கும், தயாரானதே கொஞ்சம்தான். அதைத் தினசரி வண்டியாக வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தே வருத்தத்தோடு திரும்பினேன்.

இதற்கு நடுவில் பார்த்த மோசமான வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். புரோக்கர்கள் எல்லாரிடமும் ஒரே வசனம்: டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர். ஒரு வெள்ளைக் காரில் மீட்டர் 41,000 காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங் தோல் பளபளத்தது. வண்டி நம்பரைச் சொல்லி சர்வீஸ் விவரம் கேட்டு வாங்கினால், இரண்டு வருஷத்துக்கு முந்தைய சர்வீஸிலேயே 68,000. விற்கிறவரிடம் காட்டியபோது மீட்டர் மாற்றியிருக்கலாம் என்றார். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

இன்னொன்று சென்னையிலிருந்து வந்தது. உள்ளே வாசனை ஸ்பிரே மூக்கைத் துளைத்தது. மெக்கானிக் அண்ணன் முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி அடியில் மண் நிறக் கோடு. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் குழியின் மூலையில் காய்ந்த வண்டல். வெள்ளத்தில் நின்ற வண்டி. வெளியே வைரம் மாதிரி மின்னியது. வயரிங்குக்குள் தண்ணீர் போன வண்டி இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து எந்த சென்சார் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மே கடைசியில் திருப்பூரில் ஒரு பலேனோ ஆர்எஸ் இருப்பதாகத் தெரிந்தது. இந்தக் காரை நிறையப் பேர் மறந்தே போய்விட்டார்கள். மாருதி 2017-ல் கொண்டுவந்தது. ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். எடை 950 கிலோதான். வண்டியைப் பாயவைப்பதில் எஞ்சினின் பலம் பாதி என்றால் அந்தக் குறைந்த எடை பாதி. 2020-க்குப் பிறகு அது விற்பனையில் இல்லை. நின்றுபோன மாடல் என்று புரோக்கர்கள் விலையைக் குறைத்தார்கள். ஆனால் 2023-ல் வந்த ஃப்ராங்ஸ் டர்போவில் இருப்பதும் அதே 1.0 பூஸ்டர்ஜெட் குடும்பத்து எஞ்சின்தான். பாடி பாகங்கள் பெரும்பாலும் சாதாரண பலேனோவுடையவை. எஞ்சின் பக்கமும் பாடி பக்கமும் ஸ்பேருக்கு அலைய வேண்டியதில்லை என்று இது தெரிந்ததும் என் தயக்கம் போய்விட்டது.

ஓனர் பனியன் கம்பெனி நடத்துகிறவர். முந்தின நாளே போன் செய்து, "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, சார்" என்று கேட்டுக்கொண்டேன். போனதும் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பச்சைத் தண்ணீராகக் கிடக்கிற எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். சூடான எஞ்சின் நிறைய மறைத்துவிடும். முதல் தடவையிலேயே பிடித்தது, கடகட இல்லை, நீலப் புகை இல்லை. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிவு இல்லை. டர்போவுக்குப் போகும் குழாயில் லேசான ஆயில் ஈரம் மட்டும். "இது இருக்கத்தானுங்க செய்யும்" என்றார் அண்ணன். ஸ்கேனர் போட்டதில் பழைய எரர் ஒன்றும் இல்லை. 52,000 கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப்போனது. பின்பக்க வலது கதவு மட்டும் மறு பெயின்ட். கேட்பதற்கு முன் ஓனரே சொல்லிவிட்டார், கேட்டில் உரசியது என்று.

அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பேறி. ஒரு விநாடி என்ன இது என்று தோன்றும். அதற்கு மேலே ஏறியதும் வண்டி முன்னோக்கிப் பாய்கிறது. நம்ம பைபாஸுக்குக் கொண்டுவந்து சோதிக்கலாமா என்று கேட்டேன். ஓனர் சிரித்துக்கொண்டே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஆறரை வினாடி. தம்பி இரண்டாம் தடவை பார்த்தான், அதேதான்.

பேரத்துக்கு டயர் கைகொடுத்தது. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2218 என்றால் 2018-ன் 22-வது வாரம். வண்டியோடு வந்த டயர்கள் ஏழு வருஷமாகியும் பூ மிச்சம் இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது. 195/55 ஆர்16 நான்கு போட 28,000 ஆகும் என்று கடையில் விசாரித்து வைத்திருந்தேன். அவர் 5.6 கேட்டார், 5.3-க்கு முடிந்தது.

வண்டி பார்ப்பதில் காட்டிய கவனத்தைக் காகிதத்திலும் காட்ட வேண்டும். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பர் போட்டபோது எச்பி, அதாவது வண்டி மேல் உள்ள கடன் பதிவு, இன்னும் பாங்க் பெயரிலேயே இருந்தது. கடன் 2022-லேயே கட்டி முடித்துவிட்டார், எச்பி கேன்சல் செய்யவில்லை. பாங்கிலிருந்து என்ஓசியும் எச்பி கேன்சலுக்கான படிவம் 35-ம் வரும்வரை 20,000 அட்வான்ஸுக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு இ-சலான் பாக்கி இருந்தது, அவரே கட்டினார். அதன் பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. வண்டியை எடுத்த நாளில் தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்து. அந்த நிமிஷத்துக்கு முந்தைய அபராதம் அவருக்கு, பிந்தையது எனக்கு.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுகிறார்கள். பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நம்மால் கிளெய்ம் கேட்க முடியாது. கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் ஓனருக்கு உரியது, வண்டிக்கு இல்லை. அந்தத் தள்ளுபடிக்கான மிச்ச மாதத் தொகையை நான் கட்டினேன். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 23 முதல் அதில்தான் போகிறேன். லிட்டருக்கு 15, நிதானமாகப் போனால் 16. இப்போது பல்கருக்குப் பின்னால் வந்தால் முன்னைவிட அதிகமாகவே காத்திருக்கிறேன், முந்தும்போது சீக்கிரம் முடியும் என்று தெரிவதால் சின்ன இடைவெளிக்கு அவசரப்படத் தோன்றுவதில்லை. ஸ்பீட் பிரேக்கரில் தரை தட்டாது, ஆனால் குழியில் சஸ்பென்ஷன் கொஞ்சம் கடினமாகத் தெரியும். அடுத்த செலவு முன் பிரேக் பேட்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் உடனே அணைப்பதில்லை. வேகமாக வந்த டர்போ சூடாறுவதற்கு அரை நிமிஷம் ஐடிலில் விடுகிறேன். முதல் வாரம் அம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் கண்ணு, வண்டியிலேயே உக்காந்திருக்கறே?" என்று கேட்டாள். காரணம் சொன்னேன். இப்போது எஞ்சின் சத்தம் கேட்டால் அவள் காபிக்குப் பால் வைக்கிறாள், நான் அணைத்துவிட்டு உள்ளே வரும்போது பொங்கியிருக்கும்.