பெரா டெஸ்ட்: பிள்ளையைப் பஸ்ஸில் உறங்க விடாதீங்க

பேச்சு வராத பிள்ளைக்குப் பெரா, அதாவது ஒலி காதிலிருந்து மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும் காது டெஸ்ட், எடுக்கச் சொன்னால் வீட்டில் முதலில் வரும் பதில், "குக்கர் விசிலுக்குத் திரும்புறானே!" குக்கர் விசிலும் கதவு அறைவதும் பெரிய சத்தம். பாதி கேட்காத காதுக்கும் அது எட்டும். பேச்சு அப்படியல்ல. ஆ, ஊ காதில் விழுந்து ச, த, க நழுவினால் சொல் எப்படி வரும்? ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மை வா" என்று சேர்த்துச் சொல்லவில்லை என்றால் டெஸ்டுக்குக் கிளம்பலாம். வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதைக் காரணம் காட்ட வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் உள்ளவர்கள் நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறார்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் நிஷ் (தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனம்), 1997 முதல் இந்த வேலைக்கென்றே இயங்கும் நிறுவனம். அங்கே மலையாளத்தில் 'கேள்வி பரிசோதன' என்றால் காது கேட்கிறதா என்று பார்ப்பது. நம்மைக் கேள்வி கேட்பதல்ல.

முதலில் இ.என்.டி. டாக்டர் காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். ஆகவே எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் பட்ஸ் விடுவதும் கூடாது. அடுத்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி. ரிப்போர்ட்டில் 'பி' வகை என்று இருந்தால் பெரும்பாலும் நீர்தான். அது குறைந்தபின் திரும்ப எடுத்தால்தான் நிலையான அளவு தெரியும். சளியோடு கூட்டிப்போனால் அலைச்சல்தான் மிச்சம். பிறகு ஓ.ஏ.இ. இது உள்காதை மட்டும் பார்க்கும், நரம்பைப் பார்க்காது. பிறந்தவுடன் மஞ்சள் காமாலை முற்றி, இன்குபேட்டரில் இருந்த பிள்ளைகளுக்கு இதில் 'பாஸ்' வந்தாலும் பெரா எடுத்தே ஆக வேண்டும்.

பெராவில் நெற்றியிலும் இரண்டு காதுகளுக்குப் பின்னும் வயர் ஒட்டி, காதில் 'டிக் டிக்' ஒலி விட்டு, மூளைத்தண்டு வரை போகும் சிக்னலைப் பதிவு செய்வார்கள். பிள்ளை அசைந்தால் தசையின் மின்சாரம் அதை மூடிவிடும். அதனால் முக்கால் மணி நேரமாவது நல்ல உறக்கம் வேண்டும். டெஸ்ட் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முந்தின ராத்திரி நேரம் கழித்து உறங்க வைத்து, விடியுமுன் எழுப்பிக் கிளம்புவார்கள். களியக்காவிளை தாண்டுமுன்பே பஸ் தாலாட்டிவிடும். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பிள்ளை உறங்கி எழுந்து துள்ளும். அதன்பின் வயரைத் தொடவிடாது. ஜன்னலோரம் உட்காரவைத்து, இரண்டு பேர் மாறி மாறி விளையாட்டுக் காட்டுங்கள்.

காலையில் தலையில் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் நம் பழக்கத்தையும் அன்று விட வேண்டும். எண்ணெய்த் தோலில் வயர் ஒட்டாது. தோலைப் பசையால் தேய்த்துத் தேய்த்துத் துடைக்க, அரை உறக்கத்தில் இருந்த பிள்ளை விழித்துவிடும். கம்மலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

தேதி வாங்கும்போதே தானாக உறங்க வைப்பதா, சிரப் கொடுப்பதா என்று கேட்டுவிட வேண்டும். தானாக என்றால் பாலை மிச்சம் வைத்து, வயர் ஒட்டியபின் மடியில் வைத்துக் கொடுக்கலாம். சிரப் என்றால் அவர்கள் சொன்ன நேரம்வரை வெறும் வயிறு. எடை பார்த்துத்தான் அளவு. பாதியைத் துப்பினால் நீங்களாக இன்னொரு மூடி ஊற்றக் கூடாது, நர்ஸிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல் போதாது. பெரா வரைபடத்தில் முக்கியமாகப் பார்ப்பது ஐந்தாம் அலை. ஒலியைக் குறைத்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு காதிலும் அது எத்தனை டெசிபல் வரை தெரிந்தது என்று எண்ணில் எழுதி வாங்குங்கள். 30 டெசிபல் வரை தெரிந்தால் நல்லது. 'டிக்' ஒலி முக்கியமாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத்தான் காட்டும் என்பதால், சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் தனித்தனியே பார்க்கும் 'டோன் பர்ஸ்ட்' பெராவும் கேட்கலாம். அலை வரைபடத் தாளையும் விடாமல் வாங்குங்கள். அடுத்த இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

கேட்கும் குறை உறுதியானால் பணத்துக்கு எங்கே போவது என்பதில் எல்லை குறுக்கே வரும். கேரளத்தின் ஸ்ருதிதரங்கம் என்ற உதவித் திட்டம் அந்த மாநிலப் பிள்ளைகளுக்கானது. நம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்தான். அதில் காக்ளியர் இம்பிளான்டுக்கு, அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவிக்கு, வயது வரம்பு உண்டு. ரிப்போர்ட் திருவனந்தபுரத்தில் எடுத்ததானாலும் ஆசாரிபள்ளத்தில் காட்டி, அந்த வயதுக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.