ஞானப்பூ அம்மாளுக்கு ஒரு வில்லுப்பாட்டு

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு விலக்கு வரும். வடக்கன்குளம் போகிறவர்கள் அங்கே இறங்கிக்கொள்ளலாம். பொங்கல் நெருங்கிவிட்டதால் விலக்கில் பனங்கிழங்குக் கட்டுகளும் மஞ்சள்குலையும் குவிந்து கிடந்தன. மேற்கே மகேந்திரகிரி, சுற்றிலும் காற்றாலைகள்.

எங்கள் மைனிக்கு வடக்கன்குளம்தான் பிறந்த ஊர். "தேவசகாயம் பிள்ளை திருநாளுக்கு ஒரு வருசமாவது வாங்க" என்று கல்யாணமாகி வந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவள். கத்தோலிக்கப் புனிதர்களோடு அவ்வளவாகப் பழக்கம் கிடையாது. ஆனாலும் தேவசகாயம் பிள்ளை கதை தெரியாத கிறிஸ்தவ வீடு இந்தப் பக்கம் ஏது?

நட்டாலத்தில் 1712-இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை பார்த்தார். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுத் தளபதியோடு சிநேகம் ஏற்பட்டது. வீட்டில் அடுத்தடுத்துக் கஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தவருக்கு டிலனாய், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை வேதாகமத்திலிருந்து சொன்னார். அந்தக் கதைதான் அவரை வடக்கன்குளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1745 மே 14-இல் இங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி, எருக்க மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினரில் அந்தப் பேறு பெற்ற முதல் ஆள் அவர்தான்.

சாயங்காலம் முதலில் திருக்குடும்ப ஆலயத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்தால் இரண்டு நீளமான மண்டபங்கள் தனித்தனியாக வந்து பலிபீடத்தில் கூடும். 1872-இல் கட்டியபோதே சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இருந்த தடுப்பை 1910-இல் இடித்தார்கள். அதை எதிர்த்து வழக்குக்கூட நடந்தது. ஒரே பலிபீடத்தைப் பார்த்து நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பூசை கண்டிருக்கிறார்கள் என்பதை நினைக்க நெஞ்சு கனத்தது. இரண்டு பக்கத்திலும் கொஞ்ச நேரம் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு வந்தேன்.

மைனியின் அண்ணன் வீட்டுத் தெரு முனையில் ஒரு குருசடி, சின்னச் சிலுவைக் கோயில், உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்ததும், "வில்லுப்பாட்டு இருக்கு, வந்து உக்காருங்க" என்று கூட்டிப்போனார்கள். ஓலைப்பாயில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். வில்லுப்பாட்டு எனக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டையைச் சுற்றி எந்தக் கோவில் கொடைத் திருவிழாவானாலும் மைக்கில் விடிய விடியக் கேட்கும். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் பாடுவதைத் தூரத்திலிருந்து கேட்டே வளர்ந்தோம். பக்கத்தில் போய் உட்கார்ந்தது மட்டும் கிடையாது. "அது நமக்கில்ல" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

ஆள் உயரத்துக்கும் அதிகமான வில், அதில் வரிசையாக மணிகள். வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தில் பொருந்திக் கட்டப்பட்டிருந்தது. நடுவில் ஒரு அக்கா, ஐம்பது வயது இருக்கும், கையில் வில்லின் நாணைத் தட்டுகிற வீசுகோல். குடக்காரர் பாளை மட்டையால் குடத்தின் வாயில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றில் கேட்டது. உடுக்கை சேர்ந்தது, தாளம் சேர்ந்தது. கணபதி காப்பு வருகிற இடத்தில் மூவொரு கடவுளுக்குக் காப்புப் பாடினார்கள். அப்புறம் குரு வணக்கம், அவையடக்கம், எல்லாம் முறைப்படி. அந்த அக்கா ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட, கதை நட்டாலத்திலிருந்து கிளம்பியது.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. இந்தக் கதை வில்லுக்குள் இவ்வளவு இயல்பாக உட்காருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து வில்லுப்பாட்டில் பெரும்பங்கு அநியாயமாகச் செத்தவர்களின் கதைதான். சொரிமுத்தையனார் கோவில் பக்கம் இன்றும் கும்பிடப்படுகிற முத்துப்பட்டன், பெரிய சாதியில் பிறந்து, அதை உதறிவிட்டு, கடைசியில் வெட்டுப்பட்டுச் செத்தவன். மேல்நிலையை விட்டிறங்கி, உயிரைக் கொடுத்தவனுக்காக அழுவதற்கு இந்த மண்ணின் காது பல தலைமுறையாகப் பழகியிருக்கிறது. தேவசகாயம் பிள்ளை அந்த வரிசையில் வந்து நிற்கும்போது அவரை யாரும் அந்நியமாகப் பார்ப்பதில்லை. சிலுவையில் தொங்குகிற ஆண்டவரையும் அப்படித்தான் நம் ஆச்சிகள் பார்த்திருப்பார்கள்.

கைது நடந்த இடம் வந்ததும் தாளம் நின்றுவிட்டது. குடமும் நின்றது. அக்கா வீசுகோலை மடியில் வைத்துவிட்டு, மைக்கைத் தள்ளிவிட்டு, ஒப்பாரி மெட்டில் தனியாகப் பாடினார். தேவசகாயம் பிள்ளையின் மனைவி ஞானப்பூ அம்மாள் பாடுகிற மாதிரி:

எருக்கமாலை போட்டாகளே - என் ராசா
எருமமேல ஏத்துனாகளே
நறுக்குன்னு தைச்ச முள்ள - என் ராசா
நான் புடுங்க வாய்க்கலியே

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பெரிய வெள்ளிதோறும் பாடுகளின் பாட்டுக்களைப் பாடித்தான் வளர்ந்திருக்கிறேன். அன்றைக்கு அழுத மாதிரி என்றைக்கும் அழுததில்லை.

இடைவேளையில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். பக்கத்தில் போய், "இந்த ஒப்பாரி பழைய பாட்டாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, நான் கட்டுனதுதான். கதை எங்க தாத்தா காலத்துல இருந்து பாடுதோம். அதுல அந்த அம்மா ஒரே வரியில வந்துட்டுப் போயிருவா. பார்கவியா இருந்தவ புருசனுக்காக ஞானப்பூவா மாறுனா. அவர கொண்டுபோனப்புறம் என்ன பாடு பட்டாளோ. அது கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மெட்டு என்னவோ நம்ம சாவு வீட்டு மெட்டுதான்."

சாவு வீட்டு மெட்டு! எங்கள் கோயிலில் பாமாலை உண்டு, அதன் ராகங்கள் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவை. கீர்த்தனை உண்டு, அது கர்நாடக ராகத்தில் அமைந்தது. இரண்டையும் உயிராக நேசிக்கிறேன், இனியும் பாடுவேன். ஆனால் எங்கள் ஆச்சி நாற்று நடும்போதும், பிள்ளையைத் தொட்டிலில் போட்டும், தாத்தா இறந்த அன்று முற்றத்தில் உட்கார்ந்தும் பாடிய மெட்டுகள் ஒன்றுகூடக் கோயிலுக்குள் வந்ததில்லை. வாசலில் செருப்போடு சேர்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

வழி தெரியாமல் போனதென்றும் சொல்ல முடியாது. 1774-இல் நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த கிறிஸ்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியார், 1800-இலேயே குறவஞ்சி என்ற பாட்டு நாடகத்தை எடுத்து, "பெத்லகேம் குறவஞ்சி" பாடிப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனார். குற்றாலத்துக் குறத்தி குறி சொன்ன வடிவம் அது. நம் காலத்தில், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லித்தந்த தியோபிலஸ் அப்பாவு, "பரட்டை" என்று எல்லோரும் பிரியமாகக் கூப்பிட்டவர், ஆராதனை முறை முழுவதையுமே கிராமிய இசையில் அமைத்தார். பறையைத் தீட்டு என்று ஒதுக்கியவர்கள் நடுவே அதை ஆண்டவருக்கு முன்னால் முழக்க வேண்டும் என்று வாதாடியவர். 2005-இல் காலமானார். அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனே ஒழிய, அவர் எதற்காக அப்படி மல்லுக்கட்டினார் என்பது குருசடி முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

இடைவேளைக்குப் பிறகு பனையேறிப் பாட்டு ஒன்று வந்தது. அதுவும் புதிது. காலில் தளைநார் என்ற நார்வளையம் மாட்டி, முருக்குத்தடி சாத்தி, கலயத்தோடு ஏறுகிறவன் பாடுவது. பாதி மரத்தில் காற்று பிடித்துக்கொள்கிறது:

தளைநாரு அத்தாலும் சாமி - ஒன்
தயவுநாரு அத்துப்போகாதே

இந்த இரண்டு வரியைக் கூட்டம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாடியது. பனை ஏறித் தகப்பனைப் பறிகொடுத்த வீடுகள் அந்தத் தெருவிலேயே உண்டு என்று மைனி காதோடு சொன்னார். "தயவுநாரு" என்று பாடும்போது சில ஆம்பிளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற சங்கீதத்தைப் பனை உச்சியிலிருந்து பாடினால் இப்படித்தான் இருக்கும்.

காலையில் ஞானப்பூ அம்மாளின் கல்லறைக்குப் போனோம். திருநாள் கூட்டமெல்லாம் காற்றாடிமலைக்குப் போயிருந்ததால் அங்கே ஆளே இல்லை. மைனி ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். இரவு கேட்ட ஒப்பாரியை எனக்கு ஞாபகம் இருந்தவரை முணுமுணுத்தேன். விட்டுப்போன வரியை மைனி எடுத்துக் கொடுத்தார். கல்லறையில் நின்று ஜெபிப்பது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. ஆனால் புருசனை இழந்து, பிறந்த ஊருக்கும் திரும்பிப் போகாமல், விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு இந்த ஊரிலேயே இருந்து கண்ணை மூடிய ஒருத்திக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லாமல் என்னால் திரும்ப முடியவில்லை.

மறுநாள் ராதாபுரம் வழியாக இடையன்குடி. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841-இல் வந்து இறங்கிய ஊர். அவர் கட்டி எழுப்பி 1880-இல் பிரதிஷ்டையான ஆலயத்தில் ஜெபம் பண்ணிவிட்டு, செந்தேரி மணலைக் கடந்து உவரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தோனியார் கோவிலில் எப்போதும் கூட்டம்தான், செவ்வாய்க்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். கடல்காற்றில் பந்தல் போட்டுத் தங்கியிருந்த பெண்கள் சிலர் அந்தோனியார் பேரில் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். கூச்சப்படாமல் நானும் வட்டத்தில் சேர்ந்துகொண்டேன். கும்மி மட்டும் கைக்கு மறக்கவே இல்லை.

ஊருக்கு வந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன். அந்த அக்காவின் குழுவை சபையே கூடி விருந்துண்ணும் எங்கள் அசனப் பண்டிகைக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். செல்போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினேன். ஒப்பாரியை முழுசாகக் கேட்டுவிட்டு, "கூப்பிடுவோம்" என்றார். சபையில் மூத்தவர்கள் இரண்டு பேருக்கு மனசில்லை. வில்லும் குடமும் ஆலயத்துக்கு உள்ளே வேண்டாம், வெளியே அசனப் பந்தலில் பாடட்டும் என்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் "தயவுநாரு" பாட்டைப் படித்துவிட்டார்கள். பந்தலில் பாடினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து அவர்களை உட்காரவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலும் கேட்பேன்.