மேசைமேல் ஒரு கிங்டா கா: ஏழு வாரக் குறிப்பு

2025 பிப்ரவரி 28 காலை நியூ ஜெர்சியின் ஜாக்சனில் கிங்டா காவை வெடிவைத்துச் சாய்த்த காணொளியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். 139 மீட்டர் உயரம். 2005-லிருந்து உலகத்தின் உயரமான ரோலர் கோஸ்டர் என்ற பெயரோடு நின்ற கோபுரம், சில நொடிகளில் இரும்புக் குவியலாகிவிட்டது. எனக்கு அதில் ஏறும் வாய்ப்பு அமையவே இல்லை. அந்தப் பக்கம் வேலையில் இருக்கும் மாமா பையன் 2019-ல் ஏறினான். இறங்கிய கையோடு போன் செய்து, "மச்சான், மூணரை செகண்ட்ல 206 கிலோமீட்டர் வேகம். கண்ணுல வந்த தண்ணி காதுக்குள்ள போயிருச்சு" என்றான். அன்றிலிருந்து என்றாவது ஒருநாள் ஏறிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். இனி அது இல்லை என்றானபோது ஒரு வாரம் மனசே சரியில்லை.

நாங்கள் ஆறு பேர், ரோலர் கோஸ்டர் பைத்தியங்கள். ஞாயிறு இரவு போனில் கூடிப் பேசுவோம். கிங்டா கா விழுந்த பிறகு எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே சண்டை, இந்த ராட்சத உயரங்களின் காலம் முடிந்துவிட்டதா என்பது. மதுரை நண்பர் முடிந்துவிட்டது என்கிறார். பழைய மரக் கோஸ்டர்களின் சட்டகத்தை வைத்துக்கொண்டு மேலே இரும்புத் தடம் போடுகிற வேலைதான் இனி என்பது அவர் கட்சி. 2011-ல் டெக்சஸ் ஜயன்டை அப்படி மாற்றினார்கள். 1991-ல் கட்டிய மீன் ஸ்ட்ரீக், 2018-ல் ஸ்டீல் வெஞ்சன்ஸாக மறுபிறவி எடுத்தது. இன்னொருவர் ஒரு காலத்தில், கண்முன் வேறோர் உலகைக் காட்டும் விஆர் கண்ணாடிதான் எதிர்காலம் என்று வாதாடினார். 2016-ல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் அதை மாட்டி ஓட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் கண்ணாடியை மாட்டிச் சரிபார்ப்பதற்குள் வரிசை நகராமல் நின்றது. இப்போது அவரே அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. கிங்டா காவுக்கு உயரம் பகையா, அல்லது அந்த உயரத்துக்கு ரயிலைத் தூக்கியடித்த முறை பகையா? பேசித் தீராது என்று தோன்றியது. செய்து பார்ப்போம் என்று மொட்டைமாடி அறையில் இறங்கிவிட்டேன்.

தடத்துக்கு ஏசி காப்பர் பைப்பின் மேல் சுற்றுகிற கறுப்பு ஃபோம் குழாய். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் அருமையான வாய்க்கால் கிடைக்கிறது. வண்டிக்குப் பதில் 12 மில்லிமீட்டர் பேரிங் குண்டு. நேரான தடம் ஒன்றரை மீட்டர், அதன் முடிவில் செங்குத்தாக ஏறி மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் 45 சென்டிமீட்டர் வளைவு. கோஸ்டர்காரர்கள் இதை டாப் ஹேட் என்பார்கள். கிங்டா கா என்பதே அடிப்படையில் ஒரு நேர்தடமும் ஒரு டாப் ஹேட்டும்தான்.

முதலில் கிங்டா காவின் வழியிலேயே ஒரே இழுப்பில் ஏற்றிப் பார்த்தேன். அங்கே நடந்தது இது: பம்புகள் எண்ணெயைத் தள்ளி நைட்ரஜன் வாயுவை நெருக்கி வைக்கும். திறந்துவிட்டதும் அந்த அழுத்தம் எண்ணெய் வழியாக மோட்டார்களைச் சுழற்றும். மோட்டார்கள் ஒரு பெரிய உருளையில் கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும். வடத்தில் கட்டிய கொக்கிவண்டி ரயிலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, ஏற்றம் தொடங்குமுன் விட்டுவிடும். அதற்குப் பிறகு ரயிலுக்கு எந்த உதவியும் கிடையாது. என்னிடம் நைட்ரஜன் ஏது? கவட்டைக்குப் போடும் ரப்பர் கிடைத்தது. ஒரு மரத்துண்டைக் கொக்கிவண்டியாக்கி ரப்பரில் கட்டினேன்.

இருபது தடவை விட்டேன். பதின்மூன்று தடவை குண்டு தாண்டியது. ஐந்து தடவை உச்சிக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்று, யோசித்து, வந்த வழியே திரும்பியது. இரண்டு தடவை தடத்தைவிட்டே பறந்து பீரோவில் இடித்தது. ஒவ்வொரு முறையும் அதே எட்டு சென்டிமீட்டர்தான் இழுத்தேன். மதியம் ஓடு சுட்ட பிறகு ரப்பரின் குணமே மாறிவிடுகிறது. ஐம்பது இழுப்புக்குப் பிறகு அது களைத்தும் போகிறது.

திரும்பி வருவதை அங்கே ரோல்பேக் என்பார்கள். ரசிகர்களுக்கு அது அதிர்ஷ்டம். ஒரே டிக்கெட்டில் இரண்டு தடவை ஏவப்படலாமே! கிங்டா காவிலும் நடந்ததுதான். பின்னோக்கித் திரும்பி வரும் ரயிலைத் தடுக்க ஏவுதடத்தில் பிரேக் தகடுகள் எழுந்து நிற்கும், ஆபத்தில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். உராய்வையும் காற்றையும் ஒதுக்கிவிட்டால் 139 மீட்டர் ஏற மணிக்கு 188 கிலோமீட்டர் வேகம் போதும். 206-ல் விட்டார்கள். அந்த வேகம் கணக்குப்படி 167 மீட்டர் வரை ஏற்றும். இடையிலுள்ள 28 மீட்டர்தான் காற்றுக்கும் சக்கர உராய்வுக்கும் ஆட்களின் எடைக்கும் சேர்த்து வைத்த கையிருப்பு. அதைச் சரியாகச் செலவழிக்க ஒரே ஒரு வாய்ப்பு, மூன்றரை நொடி. அந்த மூன்றரை நொடிக்காக அத்தனை பம்பும், வடமும், உருளையும் நாளெல்லாம் தேயவேண்டும். என் ரப்பர் மூன்றாம் நாள் அறுந்தபோது அந்த வடத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது மின்காந்தம். இதற்குக் கோயமுத்தூரில் இருப்பது பெரிய வசதி. எங்கள் தெருமுனையில் பம்ப் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய் 23-ஆம் நம்பர் கம்பி கேட்டேன். எதற்கு என்றார். ஒரு ரயில், தடம் நெடுகக் காயில், காயில்களுக்கு வரிசையாகக் கரன்ட் கொடுத்தால் ரயில் ஓடும் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இதுல என்ன புதுசு? மோட்டார் ஸ்டேட்டரை நடுவுல வெட்டிப் பாய் மாதிரி விரிச்சுப் போட்டா அதானுங்க இது." ஸ்டேட்டர் என்பது மோட்டாரில் சுழலாமல் நிற்கும் காயில் பகுதி. இப்படி நேர்கோட்டில் உந்தும் லீனியர் சிங்க்ரனஸ் மோட்டாரைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவரே மெஷினில் போட்டு நாலு சென்டிமீட்டர் நீளத்தில் 300 சுற்றுச் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். நிஜக் கோஸ்டரில் ரயிலின் அடியில் நிலைக்காந்தங்கள் இருக்கும். காயில்கள் பின்னாலிருந்து தள்ளவும் செய்யும், முன்னாலிருந்து இழுக்கவும் செய்யும். என்னுடையது வெறும் இரும்புக் குண்டு. காயில் அதை இழுக்க மட்டுமே முடியும்.

ஃபோம் வாய்க்காலைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்தின் இரு முனையும் உயர்ந்ததுபோல் வளைத்தேன். ஒரு பக்கம் 45 சென்டிமீட்டர் டாப் ஹேட். மறுபக்கம் 60 சென்டிமீட்டருக்கு நேராக மேலே போகும் முனை. நடுவில் காயில், பைக் பேட்டரி, கரன்டைச் சட்டென்று திறந்து மூடும் ஸ்விட்சாக ஒரு மாஸ்ஃபெட், குறுக்கே ஒரு டயோடு, எல்லாவற்றையும் நிரல்படி இயக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, காயிலின் இரு வாயிலும் குண்டு வருவதைக் கண்டுபிடிக்க ஐஆர் சென்சார்.

முதல் இரண்டு நாளும் தோல்வி. குண்டு சரேலென்று காயிலுக்குள் வந்து அங்கேயே நடுங்கி நின்றுவிடும். குண்டு காயிலின் நடுவைத் தாண்டிய பிறகும் கரன்ட் ஓடினால், காயில் அதைப் பின்னோக்கி இழுக்கிறது. கொடுத்ததைக் கையோடு பிடுங்கிக்கொள்கிறது. 20 மில்லிசெகண்ட் என்று வைத்திருந்ததை 14 ஆக்கினேன். முதல் வீச்சு நன்றாக வந்தது. ஆனால் மூன்றாவது வீச்சில் வேகம் கூடியிருந்ததால் 14 அதிகமாகிவிட்டது. குண்டு எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவு சீக்கிரம் கரன்டை நிறுத்தவேண்டும். கடைசியில், சென்சார் ஒளியைக் குண்டு எவ்வளவு நேரம் மறைக்கிறது என்று அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கண்டு, அணைக்கும் நேரத்தை ஒவ்வொரு வீச்சுக்கும் கணக்கிடும்படி நிரலை மாற்றி எழுதினேன். சிங்க்ரனஸ், அதாவது ஒத்திசைவானது, என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அந்த இரவில்தான் விரல்நுனிக்கு எட்டியது.

பிறகு குண்டு ஊஞ்சலாடத் தொடங்கியது. 6 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கையால் விட்டேன். ஒவ்வொரு வீச்சிலும் அது ஏறிய உயரம் சென்டிமீட்டரில்: 11, 16, 20, 23, 25. அதற்குமேல் அசையவில்லை. ஒரு வீச்சில் காயில் கொடுப்பதும் உராய்வு தின்பதும் சமமாகிவிட்டன. இன்னொரு காயில் சுற்றி அரையடி தள்ளிப் பொருத்தினேன். 14, 22, 30, 37, 42, 47. ஏழாவது வீச்சில் உச்சியில் கொஞ்சம்கூடத் தயங்காமல் தாண்டிவிட்டது. நான் கத்திய கத்தலில் கீழேயிருந்து அம்மா ஓடிவந்துவிட்டார்.

ஆறாவது வீச்சிலேயே 47 எட்டியதைக் கவனித்தீர்களா? ஆனால் அது எதிர்ப்பக்க முனையில். ஒற்றைப்படை வீச்சில்தான் குண்டு டாப் ஹேட் பக்கம் வரும். அமெரிக்காவின் ஒஹையோவில் சீடர் பாயின்ட் பூங்காவில் இருக்கும் டாப் த்ரில் 2 என்ற கோஸ்டர் ஏன் மூன்று உந்தலில் ஏறுகிறது என்பதற்கும் இதே பதில்தான்.

2003-ல் 128 மீட்டர் உயரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் ஏவும் டாப் த்ரில் டிராக்ஸ்டராகப் பிறந்தது அது. 2021-ல் ஒரு விபத்துக்குப் பிறகு மூடினார்கள். வடத்தையும் எண்ணெயையும் தூக்கியெறிந்துவிட்டு, பின்பக்கம் இன்னொரு 128 மீட்டர் முனையை எழுப்பி, மின்காந்த உந்தலோடு 2024 மே மாதம் திறந்தார்கள். சில நாட்களிலேயே ரயில் வண்டிகளில் சிக்கல் வந்து நின்றுபோனது. 2025-ல் மறுபடியும் ஓடியது. முதல் உந்தல் முன்னோக்கி மணிக்கு 119 கிலோமீட்டர், அடுத்தது பின்னோக்கி 163, மூன்றாவது மறுபடி முன்னோக்கி 193. இந்த மூன்று எண்ணையும் உயரமாக மாற்றிப் பார்த்தேன். உராய்வில்லாமல் 56 மீட்டர், 104 மீட்டர், 146 மீட்டர். அதாவது ஒவ்வொரு உந்தலும் சேர்ப்பது முறையே 56, 48, 42. உராய்வு தின்றதை ஈடுகட்டுவதையும் சேர்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை! 193 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கேட்காமல், ஒரே தடத்தில் ஒரே காயில்களிடம் மூன்று தவணையாக வாங்குகிறார்கள். போதாததற்கு, ஒவ்வொரு தவணையிலும் ரயில் எவ்வளவு வேகம் பெற்றது என்பதும் தெரிந்துவிடும். குறைந்ததை அடுத்த உந்தலில் சரிக்கட்டலாம். ரப்பரில் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

அந்த ஞாயிறு குழுவில் கேமராவைத் திருப்பி ஓட்டிக்காட்டினேன். மதுரை நண்பர் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். உயரம் சாகவில்லை, ஒரே அடியில் ஏற்றுகிற பழக்கம்தான் சாகிறது என்றேன். சவூதியின் கிட்டியாவில் கட்டியிருக்கும் ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டையும் சொன்னேன். மலைச்சரிவைத் துணைக்கு வைத்துக்கொண்டு 195 மீட்டர், மணிக்கு 250 கிலோமீட்டர், எல்லாம் மின்காந்தம். "அது பாலைவனத்துல பணம் இருக்கவங்க விளையாட்டுங்க" என்றார் அவர். எல்லாப் பூங்காவும் அதைக் கட்டாது என்பது சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருக்கிற இடத்திலேயே முன்னும் பின்னும் ஓடி வேகம் சேர்க்கிற முறையால் சின்னப் பூங்காக்களுக்கும் நன்மை உண்டு. நீண்ட ஏவுதடத்துக்கு நிலம் தேடவேண்டாம்.

மாமா பையன்தான் கடைசிவரை இறங்கிவரவில்லை. "மச்சான், நீ சொல்ற கணக்கெல்லாம் சரி. ஆனா உட்கார்ந்து இருக்கும்போது, எப்ப விடுவான்னு தெரியாம, திடீர்னு ஒரே அடி. அதுக்குத்தான் நான் ரெண்டு மணி நேரம் நின்னேன். மூணு தவணையில கொடுத்தா அது வருமா?" எனக்குப் பதில் இல்லை. குண்டுக்கு வயிற்றில் எதுவும் புரளாது. ஏழு வீச்சு காத்திருக்கும்போது வேறொரு தவிப்பு வருகிறது, இந்தத் தடவை தாண்டுமா, அடுத்த தடவையா என்று. அதுவும் ஒரு சுகம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவன் சொல்வது அதையல்ல என்பதும் தெரிகிறது.

இடையில் பிரேக்கையும் ஒரு கை பார்த்தேன். ஃபோம் வாங்கின இடத்திலேயே கிடைத்த 30 சென்டிமீட்டர் காப்பர் பைப்பை நிமிர்த்திப் பிடித்து, உள்ளே நியோடிமியம் காந்தம் ஒன்றைப் போட்டால், எண்ணெயில் மூழ்குவதுபோல் மெதுவாக இறங்குகிறது. காந்தம் நகர்வதால் செம்பில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது காந்தத்தை எதிர்க்கிறது. கரன்டும் வேண்டாம், தேயும் கட்டையும் வேண்டாம். மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும் என்பதால் பெரிய கோஸ்டர்களில் இந்தக் காந்த பிரேக்கைத்தான் நம்புகிறார்கள். ஒரே குறை, முழுசாக நிறுத்தாது. வேகம் குறையக் குறைய எதிர்ப்பும் குறைந்துகொண்டே போகும்.

நேற்று இரவு நிலவரம்: இருபது ஓட்டத்தில் பத்தொன்பது தடவை ஏழாவது வீச்சில் தாண்டியது. தவறிய ஒன்று ஒன்பதாவதில் தாண்டியது, பேட்டரி இறங்கியிருந்தது. அடுத்து, இரும்புக் குண்டுக்குப் பதிலாகக் காந்தம் பொருத்திய சின்ன வண்டி. காயில் தள்ளவும் செய்யவேண்டும் என்றால் கரன்டைத் திசைமாற்ற வேண்டும், அதற்கு இன்னும் ஆறு மாஸ்ஃபெட் வேண்டும். வைண்டிங் கடை அண்ணன் மூன்றாவது காயிலைச் சுற்றி வைத்துவிட்டாராம், போய் எடுத்து வரவேண்டும். மாமா பையன் டிசம்பரில் ஊருக்கு வருகிறான். ரப்பரை எடுத்துப் போட்டுவிடாதே, அதையும் ஒருதடவை நான் இழுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறான். புது ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.