பேச்சு தொடங்கிவிட்டால் கதவு சாத்தியாச்சு

அமெரிக்காவில் பல முதலாளிகள் சங்கமாகச் சேர்ந்து தொழிற்சங்கத்தோடு ஒரே ஒப்பந்தம் போடுவதுண்டு. சேரச் சொல்லிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விலகத்தான் நேரம் காலம் பார்க்க வேண்டும்.

முதலாளி-தொழிற்சங்க விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான தேசியத் தொழிலுறவு வாரியம் 1958-இல் ரீடெய்ல் அசோசியேட்ஸ் வழக்கில் வகுத்த விதிதான் அடிப்படை. ஒப்பந்தத்தைத் திருத்தக் குறித்திருக்கும் தேதிக்கு முன்பே, அல்லது இரு தரப்பும் பேச்சு தொடங்க ஒத்துக்கொண்ட தேதிக்கு முன்பே, எழுத்தில் அறிவிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: காலாவதித் தேதியிலிருந்து கணக்குப் போடுவார்கள், திருத்தத் தேதியோ அதற்குப் பல வாரம் முன்பே கடந்திருக்கும். கடிதம் தொழிற்சங்கத்துக்கும் போக வேண்டும், முதலாளிகள் சங்கத்துக்கும் போக வேண்டும். "விலகுவது பற்றி யோசிக்கிறோம்" என்றெழுதினால் செல்லாது. முதலாளிகள் சங்கம் என்ன வாங்கித் தருகிறது என்று ஓரமாய் நின்று பார்ப்பதும் ஆகாது. இனி தனியாகத்தான் பேசுவோம் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிய வேண்டும்.

பேச்சு தொடங்கிய பின் இரண்டே வழி: தொழிற்சங்கத்தின் சம்மதம், அல்லது அசாதாரணச் சூழல். கம்பெனி திவாலாகும் நிலை அந்தச் சூழலில் சேரும். வியாபாரம் மந்தம் என்பது சேராது.

பேச்சு முட்டுக்கட்டையில் நின்றால் விலகலாமா? விலகலாம் என்றுதான் பொனானோ லினன் சர்வீஸ் என்ற கம்பெனி நினைத்தது. நியூ இங்கிலாந்தில் துணி வெளுத்து வாடகைக்கு விடும் பத்து முதலாளிகளில் ஒன்று அது. டிரைவர்களுக்குக் கமிஷனா, மணிக்கூலியா என்ற தகராறில் 1975 மே மாதம் பேச்சு முறிந்தது. ஜூன் 23-இல் தொழிற்சங்கம் பொனானோவில் மட்டும் வேலைநிறுத்தம் தொடங்க, மற்றவர்களில் பெரும்பாலோர் கதவடைப்புச் செய்தார்கள். பொனானோ நிரந்தர மாற்றாட்களை எடுத்தது. நவம்பர் 21-இல் விலகல் கடிதமும் கொடுத்தது. 1976 ஏப்ரலில் மற்றவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள்.

1982-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், அந்த விலகல் செல்லாது என்ற வாரியத்தின் பக்கம் நின்றது. முட்டுக்கட்டை தற்காலிகமானது, பேரத்தில் சகஜம், அதைக் காட்டி விலக முடியாது என்றது. தான் பேசாத அந்த ஒப்பந்தத்தை முன்தேதியிட்டு அமல்படுத்த வேண்டிய நிலை பொனானோவுக்கு. கடுமைதான். ஆனால் அடிவாங்கும்போதெல்லாம் ஒருவர் நழுவலாம் என்றால் கூட்டுப் பேரமே நிற்காது.

தொழிற்சங்கம் சில முதலாளிகளோடு தனித்தனியாக இறுதி ஒப்பந்தம் போட்டு அணியையே உடைத்தால் கதை வேறு, அதுவும் அசாதாரணச் சூழல்தான், அப்போது விலகலாம். பொது ஒப்பந்தம் வரும்வரைக்குமான இடைக்கால ஏற்பாடு அந்தக் கணக்கில் வராது.

நேரத்தோடு விலகினாலும் தொழிற்சங்கம் போய்விடாது. நடப்பு ஒப்பந்தம் முடியும்வரை கட்டுப்படுத்தும். பிறகு அதே தொழிற்சங்கத்தோடு தனியாக உட்கார வேண்டும். கட்டுமானத் துறைக்கு விதிகள் வேறு. கூட்டு ஓய்வூதிய நிதிக்குச் சந்தா செலுத்தும் கடமை நின்றுபோனால் விலகல் பொறுப்புத் தொகைக்கான பில், அதாவது நிதியின் பற்றாக்குறையில் உங்கள் பங்கு, தனியே வரும். கடிதம் எழுதும் முன் அந்த மதிப்பீட்டை நிதியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.