பெயர் போடாத வரி

"சாஸ்திரியார் தன் பேரு வேண்டாம்னு அவரே சொன்னார் சார். நான் அப்படிச் சொல்லலையே."

காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயின் நாட்குறிப்பு தமிழில் அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் மாலை, விவரப் பக்கத்தின் மெய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பதிப்பக உதவி ஆசிரியர் சொன்னது இது. குரலை உயர்த்தவில்லை. நான் சொன்ன உதாரணத்தில் ஒரு விவரம் பிசகியிருக்கிறது என்று எடுத்துக்காட்டுகிற தொனிதான். "அடுத்த புத்தகத்துல பார்க்கலாம்மா" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மெய்ப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். 'தமிழில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மொழிபெயர்த்த பெரியவரின் பெயர் மட்டும் இருந்தது. அப்படியே அச்சாகி வந்தது.

அவர் கேட்டது ஒரே ஒரு வரி: 'செம்மையாக்கம்' என்று போட்டு அவர் பெயர். நான் மறுத்ததற்குக் காரணங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காரணங்களை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக சீனிவாச சாஸ்திரியாரை இழுத்தேன். அதுதான் உறுத்துகிறது.

காந்தியின் சுயசரிதையை ஆங்கிலத்தில் படித்த எல்லோரும் மகாதேவ தேசாயின் கை வழியாகத்தான் படித்திருக்கிறார்கள். 1925 நவம்பர் கடைசியில் காந்தியின் 'நவஜீவன்' இதழில் குஜராத்தியில் தொடர் ஆரம்பித்தது. சில நாட்களிலேயே அவருடைய 'யங் இந்தியா' இதழில் ஆங்கிலம் வரத் தொடங்கியது. பிறகு 1927இலும் 1929இலும் இரண்டு பாகங்களாக நூலாயிற்று. 1940இல் விலை குறைந்த ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தபோது மகாதேவ் ஒரு சின்ன முன்னுரை எழுதினார். மொழியை ஒரு மதிப்பிற்குரிய நண்பர் கவனமாகத் திருத்தித் தந்தார், அவர் பெரிய ஆங்கில அறிஞர், ஆனால் தன் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை, நான் அதை ஏற்றுக்கொண்டேன், அதனாலேயே என் நன்றி கூடுகிறது என்கிறார். அந்த நண்பர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காதவர், காந்தியோடு அரசியலில் கடைசிவரை வேறுபட்டவர், 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அப்படிப்பட்டவர் உட்கார்ந்து காந்தியின் வாழ்க்கைக் கதைக்கு ஆங்கிலம் திருத்தியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இதைத்தான் அன்று மாலை சொன்னேன். "எவ்வளவு பெரிய மனுஷன், பேரு வேண்டாம்னுட்டார் பாருங்க" என்றேன். வந்த பதில்தான் மேலே இருப்பது.

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை நிமித்தமாக அகமதாபாத்தில் பல வருடங்கள் இருந்தவர். எண்பதைத் தாண்டியவர். குஜராத்தியை அங்கேயே பேசிப் படித்துக் கற்றவர். மகாதேவின் நாட்குறிப்பை ஆங்கிலம் வழியாக இல்லாமல் மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கோடு போட்ட முழுத்தாளில், இரண்டு பக்க ஓரங்களிலும் பென்சிலால் கோடிழுத்து, நீல மையில் எழுதிய கட்டுகளாக அனுப்பினார். அவருக்கு அது முதல் புத்தகம். அநேகமாக ஒரே புத்தகமும் அதுதான்.

விஷயம் முழுக்க அவர் கையில் இருந்தது. மொழி ஒத்துழைக்கவில்லை. 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய பகுதியில் ஒரே வாக்கியம் முக்கால் பக்கம் ஓடியது. யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பிடிபடவில்லை. உதவி ஆசிரியர் அதை உடைத்து ஒன்பது வாக்கியங்களாக்கினார். அந்தக் கோப்பு இன்னும் என் கணினியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. கறுப்பில் எஞ்சியிருப்பவை ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள், தேதிகள், ஓரிரு வினைச்சொற்கள். விடுபட்ட இரண்டு பத்திகளை ஆங்கிலப் பதிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஆங்கிலத்தை மட்டும் நம்பாமல், சௌகார்பேட்டையில் ஒரு குஜராத்திப் பெரியவரைத் தேடிப் பிடித்து, மூலத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை.

இதெல்லாம் எடிட்டரின் வேலைதானே என்று ஒருவர் சொல்லலாம். நானும் சொன்னேன். சம்பளம் வாங்குகிற வேலை. எங்கள் அலுவலகத்தில் யாருடைய பெயரும் போட்டதில்லை. நான் எத்தனையோ கையெழுத்துப் பிரதிகளை வரிக்கு வரி திருத்தியிருக்கிறேன், என் பெயர் எங்கும் இல்லை, வேண்டும் என்று கேட்டதும் இல்லை. ஒருவர் பெயரைப் போட்டால் நாளைக்கு எல்லோர் பெயரையும் போட வேண்டும். அதைவிட முக்கியமாக, 'செம்மையாக்கம்' என்று ஒரு வரி வந்தால் எண்பது வயதுக்காரர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? என் தமிழ் சரியில்லை என்று ஊருக்கே அறிவித்துவிட்டார்கள் என்றுதானே? இந்தக் கடைசிக் காரணத்தை இன்றும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஆனால் அந்த வாரம் மகாதேவின் வாழ்க்கையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னட்டைக் குறிப்பு நான்தான் எழுத வேண்டியிருந்தது. எழுத எழுத அந்த மனிதர் என் பக்கம் நிற்க மறுத்தார்.

என் கட்சிக்குச் சாதகமாக அவர் வாழ்க்கையில் எவ்வளவோ உண்டு. சூரத் பக்கம் சரஸ் என்ற சிற்றூரில் 1892 ஜனவரி முதல் தேதி பிறந்த பள்ளி ஆசிரியர் மகன். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம், அப்புறம் சட்டம். ஜான் மார்லியின் ஆங்கில நூல் ஒன்றைக் குஜராத்தியில் பெயர்த்துப் பரிசு வாங்கிய இளைஞர். வங்காளி கற்றுக்கொண்டு தாகூரையும் சரத் சந்திரரையும் குஜராத்திக்குக் கொண்டுவந்தவர். தனக்கென்று எழுத உட்கார்ந்திருந்தால் குஜராத்தியின் முதல் வரிசை எழுத்தாளராக ஆகியிருப்பார் என்பது என் துணிபு. 1917இல் காந்தியிடம் வந்து சேர்ந்தார். அந்த வருடம் நவம்பர் 13இல் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1942 ஆகஸ்ட் 14 வரை எழுதினார். மறுநாள் ஆகா கான் மாளிகைச் சிறையில் மாரடைப்பில் இறந்தார். ஐம்பது வயது. இருபத்தைந்து ஆண்டு நாட்குறிப்பு, அதன் நாயகன் இன்னொருவர். இறந்து பதின்மூன்று வருடங்கள் கழித்து, 1955இல், அந்த நாட்குறிப்புக்குத்தான் சாகித்திய அகாதெமி விருது வந்தது. தன்னை இவ்வளவு பின்னால் நிறுத்திக்கொண்ட வேறொரு எழுத்தாளரை நான் அறிந்ததில்லை.

இதை வைத்துக்கொண்டுதான் எனக்குள் வாதாடினேன். மகாதேவின் புத்தகத்திலேயே பெயருக்காக மல்லுக்கட்டலாமா என்று.

ஆனால் அதே 1940 முன்னுரையில், சாஸ்திரியாரைப் பற்றிய வரிகளுக்கு அடுத்து என்ன வருகிறது? ஐந்தாம் பாகத்தில் 29 முதல் 43 வரையிலான அத்தியாயங்களை மொழிபெயர்த்தவர் என் நண்பர் பியாரேலால் என்று இருக்கிறது. 1928-29இல் பர்தோலி நிலவரி பற்றிய புரூம்ஃபீல்டு குழுவின் விசாரணைக்காகத் தான் பர்தோலியில் இருக்க வேண்டியிருந்தது, அதனால் அவர் செய்தார் என்று காரணமும் இருக்கிறது. அத்தியாய எண்ணோடு! சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பத்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்ட சமாசாரம். பியாரேலாலும் அதே ஆசிரமத்து ஆள், அவரும் காந்தியின் செயலாளர், கேட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் மகாதேவ் எழுதினார். அதற்கு முன்பு, தாகூரின் 'சித்ராங்கதா'வை நண்பர் நரஹரி பரீக்கோடு சேர்ந்து மொழிபெயர்த்தபோதும் இரண்டு பேர் பெயரும் இருந்தது.

இதை நான் முன்பே பலமுறை படித்திருக்கிறேன். சாஸ்திரியார் கதை மனதில் தங்கியது, பியாரேலால் வரி தங்கவில்லை. எனக்கு உதவுகிற வரியை மட்டும் மனது எடுத்து வைத்துக்கொண்டதா? அப்படிச் சொல்வதும் முழு நியாயமில்லை. பியாரேலால் செய்தது தனி அத்தியாயங்களின் மொழிபெயர்ப்பு. எங்கள் உதவி ஆசிரியர் செய்தது திருத்தம். சாஸ்திரியார் செய்ததும் திருத்தம். ஆகவே ஒப்பிட வேண்டுமானால் சாஸ்திரியாரோடுதான் ஒப்பிட வேண்டும், நான் எடுத்த உதாரணம் சரியானதுதான். ஆனால் அங்கேயும், ஒருவர் திருத்தினார் என்பதை மகாதேவ் மறைக்கவில்லையே. பெயரை மறைத்தார், வேலையை மறைக்கவில்லை. 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் இதைச் செம்மைப்படுத்தினார்' என்ற அளவுக்குக்கூட எங்கள் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை.

காந்திய ஆய்வாளர் திரிதீப் சுஹ்ருத் 2018இல் சுயசரிதையின் ஆய்வுப் பதிப்பைக் கொண்டுவந்தார். குஜராத்தி மூலத்துக்கும் மகாதேவின் ஆங்கிலத்துக்கும் எங்கெங்கே வித்தியாசம் என்று அடிக்குறிப்புகளில் காணலாம். எங்கே சுருக்கினார், எங்கே விட்டார் என்று இப்போது யார் வேண்டுமானாலும் விரல் வைத்துப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பாளரின் கைக்கு அப்படி ஒரு சாட்சி கிடைக்க வழியிருக்கிறது, மூலம் இருக்கிறதே. திருத்துகிறவருக்கு அதுவும் கிடையாது. என் கணினியில் உள்ள அந்தச் சிவப்புக் கோப்பு அழிந்தால் உதவி ஆசிரியரின் உழைப்புக்கு உலகத்தில் வேறு தடயமே இல்லை.

புத்தகம் வந்ததும் பெரியவருக்குப் பத்துப் பிரதிகள் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். குரல் தழுதழுத்தது. "ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே போட்டிருக்கீங்க. நான் பயந்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார்.

என்ன சொல்வது என்று தெரியவில்லை. "உங்க உழைப்பு ஐயா" என்றேன். அது பொய் இல்லை.

இந்தப் போனைப் பற்றி உதவி ஆசிரியரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பாரோ என்றும் தோன்றுகிறது. எழுதியவருக்கே தெரியாத அளவுக்கு, அவருடைய குரலிலேயே, அவர் எழுத நினைத்ததையே எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பெரியவர் தன் வாக்கியங்களாகவே அவற்றைக் கண்டுகொண்டார். ஆனால் அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டியவரிடம் போகாமல் என்னிடமே நின்றுவிட்டது. அதை எப்படிச் சொல்வது? 'நீங்க செஞ்சது அவருக்குத் தெரியவே இல்ல' என்று சொன்னால், பெயர் கேட்டு மறுக்கப்பட்டவருக்கு அது எப்படிக் கேட்கும்?

பெரியவர் மனம் நோகக் கூடாது என்று நான் நினைத்தது சரிதான் என்பதற்கு அந்தப் போனே சாட்சி என்று சில நாள் தோன்றும். அவரிடம் முதலிலேயே பக்குவமாகப் பேசியிருந்தால் அவரும் மகாதேவைப் போல ஒரு வரி எழுதித் தந்திருப்பார் என்று வேறு சில நாள் தோன்றும். அவர் அப்படிப்பட்ட மனிதர்தான். அவர் படித்துப் படித்து வளர்ந்ததே அந்த நாட்குறிப்பைத்தானே. அவருக்காக நானே பயந்து, அவருக்காக நானே முடிவெடுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் இடையில் நின்றுகொண்டு, இரண்டு பேரையும் கேட்காமல்.

உதவி ஆசிரியர் இப்போது வேறொரு பதிப்பகத்தில் இருக்கிறார். மனக்கசப்பு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் பக்கம், சம்பளமும் கூட. போகும்போது இனிப்பு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது இரண்டாம் பதிப்புக்கு வேலை நடக்கிறது. விவரப் பக்கம் மறுபடியும் என் கைக்கு வந்திருக்கிறது. மகாதேவ் அந்த முன்னுரையை எழுதியதும் மறுபதிப்புக்காகத்தான் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. உதவி ஆசிரியரைப் போனில் கூப்பிட்டு, அந்த வரியைப் போடலாம் என்றிருக்கிறேன், சம்மதமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "போடறதா இருந்தா அவர்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க சார். புஸ்தகத்தைப் பிரிச்சுப் பார்த்து அவர் தெரிஞ்சுக்க வேண்டாம்" என்றார்.

நியாயமான பேச்சு. ஆனால் பெரியவரிடம் சொன்னால் அவர் முதலில் கேட்கப்போவது, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்றுதான். குறைத்துச் சொன்னால் உதவி ஆசிரியருக்கு அநியாயம். உள்ளபடி சொன்னால், அன்று போனில் கேட்ட சந்தோஷத்தை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அச்சகத்துக்கு இந்த வாரக் கடைசிக்குள் கோப்பு போக வேண்டும். பெரியவரை நான் இன்னும் கூப்பிடவில்லை.