தோண்டாமல் கண்டுபிடித்த நகரம்

தொல்லியல் என்றாலே குழி தோண்டுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மண்வெட்டியே படாமல், நடந்து நடந்தே ஒரு பெரிய நகரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், துருக்கியின் கொன்யா சமவெளியில். இந்தக் கதையை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

நான் திருவொற்றியூர்க்காரி. நில அளவை என் தொழில். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மணலி, அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று வரப்பு வரப்பாக நடக்கிறவள். அதனால் ஆய்வறிக்கை எதைப் படித்தாலும் மற்றவர்கள் தாண்டிப்போகிற பகுதிதான் முதலில் கண்ணில் படும்: எப்படி நடந்தார்கள், எதைக் குறித்தார்கள்.

மூவாயிரம் ஆண்டுக்கும் முன்னால் இன்றைய துருக்கியில் பேரரசு நடத்தியவர்கள் ஹிட்டைட்டுகள். அவர்களின் தலைநகர் ஹத்தூசா. இன்றைய போவாஸ்கலே ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1906இல் ஹூகோ விங்க்லர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அங்கே அகழாய்வு தொடங்க, எழுத்து பொறித்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எகிப்தின் இரண்டாம் ராம்செஸோடு செய்துகொண்ட சமாதான ஒப்பந்தத்தின் பிரதிகூட அவற்றில் இருந்தது. அப்புறம் எல்லார் பார்வையும் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பலகைகளே வேறு ஊர்களைப் பற்றியும் பேசுகின்றன. இரண்டாம் முவத்தல்லி என்ற அரசன் தலைநகரையே தெற்கே தர்ஹுந்தஸ்ஸாவுக்கு மாற்றினான். அந்த ஊர் எங்கே என்று இன்றுவரை உறுதியாகவில்லை.

கொன்யா சமவெளியில் துர்க்மென்-கராஹுயுக் என்று ஒரு பெரிய மண்மேடு. மேடு இருப்பது தெரிந்த சங்கதிதான். அதைச் சுற்றியுள்ள உழுத வயல்களை யாரும் முறையாக அலசவில்லை. கள ஆய்வுக் குழு ஒன்று அதைச் செய்தது. இந்த வேலையின் வழக்கமான முறை இதுதான்: நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆட்கள் இடைவெளி விட்டு வரிசையாக நடப்பார்கள். கலப்பை புரட்டிப்போட்ட பானை ஓடுகளைக் கட்டம் வாரியாகப் பையில் போட்டு, சீட்டு எழுதி, ஜி.பி.எஸ். புள்ளியோடு சேர்த்துவைப்பார்கள். எந்தக் காலத்து ஓடு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்தால் அந்தந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும். இங்கே வந்த கணக்கு 120 ஹெக்டேருக்கும் மேல். நம் கணக்கில் முந்நூறு ஏக்கர். ஒருவேளை இதுவே தர்ஹுந்தஸ்ஸாவாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள்.

2019இல் அந்த ஊர் விவசாயி ஒருவர், பாசனக் கால்வாயில் எழுத்து போட்ட கல் ஒன்று கிடக்கிறது என்று குழுவிடம் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்தால் ஹிட்டைட்டுகள் காலத்திலும் பிறகும் அந்தப் பக்கம் வழங்கிய லூவிய மொழியின் சித்திர எழுத்து! ஹர்த்தப்பு என்ற மாமன்னன் முஸ்கா நாட்டை வென்றதாகவும், 13 அரசர்களை ஒரே ஆண்டில் அடக்கியதாகவும் பொறித்திருக்கிறான். ஹிட்டைட் பேரரசு விழுந்து சில நூற்றாண்டுக்குப் பிறகு, கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்கிறார்கள் கண்டுபிடித்தவர்கள். அந்த விவசாயியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

எல்லா இடத்திலும் இப்படி அமையாது. ஹிட்டைட் மட்கலம் பூவேலை எதுவும் இல்லாத சாதாச் சட்டி, தட்டு. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, நூற்றாண்டுக் கணக்கில் பெரிதாக மாறவும் இல்லை. ஒரு விளிம்புத் துண்டைப் புதிதாக உடைத்து உள்மண்ணின் நிறம், கலந்த மணலின் பருமன், விளிம்பு வெளியே மடியும் வளைவு என்று பார்த்துப் பார்த்துத்தான் காலம் சொல்லமுடியும். அதற்கும் பயிற்சி பெற்ற கண் வேண்டும். ஹத்தூசாவுக்கு வடமேற்கே பாப்லகோனியா என்ற பகுதியில் 1997 முதல் 2001 வரை ரோஜர் மேத்யூஸ் தலைமையில் நடந்த ஆய்வில் இது இன்னும் சிக்கல். ஹிட்டைட்டுகளை ஓயாமல் தொல்லைப்படுத்திய கஸ்கா மக்களின் பக்கம் அது. பலகைகளில் அவர்கள் பேர் அடிக்கடி வருகிறது, ஆனால் இது அவர்களுடைய பானை என்று கைகாட்ட ஒன்றும் கிடைப்பதில்லை.

நம் பக்கம் மட்டும் என்ன? 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டது நிலவியல் வரைபட வேலையாக நடந்தபோதுதான். கொசஸ்தலையாற்றுப் பக்கம் பட்டரைப்பெரும்புதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. அதே ஆறு கீழே இறங்கி எண்ணூர்க் கழிமுகத்துக்கு வரும்வரை, இரு கரையையும் வயல் வயலாக நடந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. சீக்கிரம் செய்யவேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்திலும் கிராவல் கொட்டி மனை போட்ட இடத்திலும் மேற்பரப்பு ஆய்வுக்கு வழியே இல்லை.

மீஞ்சூரைத் தாண்டி ஒரு வரப்பில் பழங்காலத்துக் கருப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பாட்டி, "இன்னாம்மா பாக்கறே? கெணறு தோண்டசொல்லோ இத்தப் போல நெறைய வந்துச்சு, மேட்டாண்ட கொட்டிட்டோம்" என்றார். "எந்த மேடு பாட்டி?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்து காட்டினார். குறித்துவைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் நிலம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓடு தென்பட்டால் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் பிடியுங்கள், கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, அங்கே சொல்லலாம். கிராமத்தின் பேரோடு புல எண்ணையும் சேர்த்துச் சொன்னால், தேடி வருகிறவர்கள் நேராக அந்த வயலிலேயே வந்து நிற்பார்கள்.